துரை ஏன் சுவரோரமாகப் போனார்

அந்தத் தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்; யார் முதலில் வைத்தது, எந்தச் சமயத்தில் வைத்தது, அப்போது கூட யார் யார் இருந்தார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பயத்தில்தான் சொல்வதில்லை.

எதிர்வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தால் பழையது எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மருந்துக்கடையில் முன்னால் நிற்பவர் வாங்குகிற மாத்திரை எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தன் சீட்டை நீட்டுவாள். இதில் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டில் போய் வத்தி வைக்கிற புத்தியும் இல்லை. சிலருக்கு நாக்கு ருசி கேட்கும், அவளுக்கு மூளை கேட்டது. அவ்வளவுதான்.

அவள் கணவர் இதற்கு நேர்மாறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. ஊரில் அவரைப் பாலிஷ்காரர் என்பார்கள். மொசைக் தரைக்கு மெருகு போடுகிற வேலை. நடுத் தரையை மெஷின் பார்த்துக்கொள்ளும். மூலையும் ஓரமும் மாடிப்படியும் மெஷினுக்கு எட்டாது. அங்கெல்லாம் முட்டி போட்டு உட்கார்ந்து கல்லைக் கையில் பிடித்துத் தேய்க்க வேண்டும். ஊர்த் தரையெல்லாம் தேய்ந்து பளபளத்தபோது அவருடைய முட்டி இரண்டும் கூடவே தேய்ந்து போயிருந்தன. இனிமேல் குனியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு அவர் கடைசியாக ஒரு தரை போட்டார். அது அவருடைய சொந்த வீட்டு ஹால்.

அந்த ஹாலைப் பார்த்தவர்கள் முதலில் செருப்பைக் கழற்றினார்கள், பிறகுதான் பேசினார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் பதித்த தரை. காலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் கீழே இன்னொரு ஜன்னல் இருப்பதாகத் தோன்றும். நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். நீளக் கம்புத் துடைப்பானால் தரையைத் துடைக்கிற உரிமை அவர் ஒருவருக்குத்தான்; கட்டிய மனைவிக்குக்கூட அதில் பங்கு கிடையாது. வேலையை விட்ட மனிதருக்குக் காட்டுவதற்கு மிச்சம் இருந்தது அந்தத் தரை ஒன்றுதான். அதை அவளும் அறிவாள்.

வீடு ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு, முன்பக்கத்து ஹாலையும் இரண்டு அறைகளையும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுவது என்று முடிவானது. பின்பக்கத்து அறையும் சமையலறையும் இவர்களுக்கு. ஆள் இல்லாத நாட்களில் ஹாலும் இவர்களுக்கு. மகள் வீட்டைப் படம் எடுத்து, தங்க வீடு தேடுகிறவர்கள் பார்க்கிற பக்கத்தில் போன் வழியாக ஏற்றினாள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கரை நெடுக நீச்சல்குளம் வைத்த வீடுகள் முளைத்தன. இவர்கள் வீட்டுப் படத்தைப் பார்த்தவர்கள் தரை அழகு என்று எழுதிவிட்டு அங்கே போய்த் தங்கினார்கள்.

“அம்மா, நாய் பூனையோட வர்றவங்களை யாருமே சேத்துக்கறதில்ல. நாம சேத்துக்கலாம்,” என்றாள் மகள்.

அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. வாழ்நாளில் ஒரு பிராணியும் வளர்த்ததில்லை. எவ்வளவு கேள்வி பாக்கி இருக்கிறது என்று நினைத்தபோதே கை பரபரத்தது. பாலிஷ்காரர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகு சொன்னார்.

“நாய் வரட்டும், பூனை வரட்டும், யானையே வரட்டும். நகத்துக்கெல்லாம் என் தரை அசையாது. ஆனா தரை மேல எதையும் விரிக்கக் கூடாது. விரிச்சு மூடறதுக்கா முட்டியைத் தேச்சேன்?”

“விரிக்க மாட்டேங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

முதலில் வந்தது ஒரு பூனை. கூட ஒரு இளம் தம்பதியும் வந்தார்கள் என்றாலும் அவளுக்கு அவர்கள் முகம்கூட இப்போது ஞாபகமில்லை. பூனைக்காக அவள் செய்த ஏற்பாடு சம்பந்தி வீட்டாருக்குக்கூடச் செய்ததில்லை. கட்டில் நடுவில் பூப்போட்ட உறை மாட்டிய தனித் தலையணை, பெரிய கிண்ணம் நிறையப் பால், பாலிஷ்காரர் கையாலேயே வீடு முழுக்க எலுமிச்சை வாசனை போட்டுத் துடைப்பு. பூனை உள்ளே வந்தது, தும்மியது, காணாமல் போனது. வந்தவர்கள் அழாத குறை. தெருவே திரண்டு ஏரிக்கரை வரை தேடியது. கடைசியில் சோபாவின் அடித்துணியைக் கிழித்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் அது உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சோபாவை நான்கு பேர் தூக்கினார்கள். இழுக்கவிடவில்லை பாலிஷ்காரர்.

அன்றே அவள் கால்நடை மருத்துவரிடம் போய் நின்றாள். நல்ல மனிதர். ஒரு கையால் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டே இவளுக்குப் பதில் சொன்னார். எலுமிச்சை வாசனை பூனைக்கு ஆகவே ஆகாது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கெடுக்கும். புது இடம் என்றால் பூனைக்கு முதலில் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், தலையணை அல்ல. “அப்ப ஒளியறதுக்குன்னே ஒரு இடம் பண்ணி வச்சுட்டா தேட வேண்டியதில்ல, இல்லையா?” என்றாள் அவள். டாக்டர் ஆட்டை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவள் போகும்போதெல்லாம் நாற்காலி போடச் சொன்னார். கேள்வி எப்படியும் சீக்கிரம் முடியாது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

கதவு வைத்த ஒரு மரப்பெட்டி அலமாரிக்குக் கீழே வந்தது. சோபாவின் அடியில் பலகை அடித்தாயிற்று. வேலியின் ஓட்டைகளை அவள் மண்ணில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்தாள். பக்கவாட்டுக் குழாயடியில் கால் கழுவித் துடைக்கப் பழைய துண்டுகள், வாசலில் நாயின் வாரை மாட்ட ஒரு கொக்கி. தோட்டத்தில் அரளியைப் பிடுங்கி எறிந்தாள். நாய் தின்றால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு கிளி வந்து தங்கியது. தரையைக் காக்கப் பாலிஷ்காரர் போட்ட அதட்டல் அத்தனையையும் அது காதில் வாங்கிக்கொண்டு போயிற்று. கிளிக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களிடம் அது இப்போதும் “காலைத் துடை” என்கிறதாம்.

பிறகு நாய்கள் வந்தன. குட்டி நாய், நடுத்தர நாய், குரைக்கிற நாய், குரைக்க வெட்கப்படுகிற நாய். எல்லாம் வயசுப் பிள்ளைகள். ஹாலில் ஓடி வந்து சறுக்கிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு, திரும்ப வந்து இன்னொரு தடவை சறுக்கின. அது அவற்றுக்கு விளையாட்டு. அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வீடு நிறைந்தது; வந்தவர்கள் மதிப்பெண்ணாகப் போட்ட நட்சத்திரங்களை மகள் போனில் படித்துக் காட்டினாள்.

துரை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

துரையை அழைத்து வந்தவர் ஒரு தையல் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். துரை உயரமான பழுப்பு நாய். முகவாய் முழுக்க நரைத்திருந்தது. டாக்சியிலிருந்து இறங்க டீச்சர் இரண்டு கையையும் கொடுத்தார். வாசல்வரை துரை பாந்தமாக நடந்து வந்தார். ஆமாம், வந்தார்தான்; டீச்சர் அவரை ‘வாங்க, போங்க’ என்றே கூப்பிட்டதால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த மரியாதை தொற்றிக்கொண்டது. நிலைப்படியில் நின்று ஒரு முன்னங்காலை ஹாலுக்குள் வைத்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

“உள்ள வாங்க துரை,” என்றார் டீச்சர்.

துரை டீச்சரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நகரவில்லை.

“ஏன் வரமாட்டேங்கறார்?” என்றாள் அவள்.

பிஸ்கட்டை ஹால் நடுவில் போட்டுப் பார்த்தாள். பிஸ்கட் அங்கேயே கிடந்தது. கடைசியில் பெண்கள் இருவருமாகத் தூக்கி உள்ளே விட்டார்கள். விட்டதும் நான்கு காலும் நான்கு திசைக்கு மெதுவாக விலகின. துரை அப்படியே வயிறு தரையில் படும்வரை இறங்கி, கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு கால்களை ஒன்றுசேர்த்துக்கொண்டு சுவரைத் தேடிப் போனார். விலாவைச் சுவரில் சாய்த்துத் தேய்த்தபடி, ஓரமாகவே, ஹாலை முக்கால் சுற்றுச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தார். நேரே வந்திருந்தால் நாலு எட்டு.

சாயங்காலம் அவருக்கு அவசரம் வந்தது. வாசல் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஆனால் சுற்றிப் போவதற்குள் முடியவில்லை. ஹாலிலேயே ஆகிவிட்டது. துரை தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். டீச்சர் பதறிப்போய்த் தன் துண்டாலேயே துடைத்தார். பாலிஷ்காரர் பின்கதவில் வந்து நின்று, நனைந்த தரையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று அவள் பயந்தாள். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் பையைக் கட்டிவிட்டார்.

“உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. கொக்கி, துண்டு, தண்ணின்னு பாத்துப் பாத்துதான் செஞ்சிருக்கீங்க. ஆனா இந்த வயசுல அவரைக் கூச்சப்பட வைக்க எனக்கு மனசு வரல. ஏரியில கால் நனைக்கணும்னு கூட்டிட்டு வந்தேன். அடுத்த வருஷம் இருப்பாரோ என்னமோ.”

“ஒரே ஒரு தடவை திரும்பி வாங்க டீச்சர். ஏன்னு கண்டுபிடிச்சு வைக்கறேன்.”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? வழுக்குது.”

“வழுக்குதுன்னு தெரியுது. அவருக்கு எப்படி வழுக்குதுன்னு தெரியணுமே.”

டீச்சர் சிரித்துவிட்டு, பார்க்கலாம் என்றார். துரை டாக்சியின் ஜன்னலில் ஏரியைப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு நாய் விருந்தாளி ஏரித் தண்ணீரில் கால் வைக்காமல் அந்த வீட்டிலிருந்து திரும்பிப் போவது அதுதான் முதல் தடவை.

பாலிஷ்காரர் பேப்பர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவள் வாசற்கதவைச் சாத்திக்கொண்டாள். நாய்க்கு நான்கு காலாயிற்றே என்று கைக்கும் காலுக்கும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஹாலில் தவழ்ந்து பார்த்தாள். கொஞ்ச தூரம் சமாளித்தாள். திரும்பும்போது ஒரு கை தன்பாட்டுக்குப் போயிற்று, அதைப் பிடிக்கப் போன காலும் போயிற்று, மோவாய் தரையில் ‘டக்’கென்று இடித்தது. அந்த வயதில் அந்தக் கோலத்தில் யாராவது பார்த்திருந்தால் சி.ஐ.டி. என்ற பெயர் போய் வேறு பெயர் வந்திருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. விழுந்ததுதான் விழுந்தோம், நாய் மட்டத்திலிருந்து வீடு எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்று கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

ஜன்னல் வெளிச்சம் தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. நடுத் தரை குளத்துத் தண்ணீராக மின்னியது. சுவரோரமாக மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மங்கலாக ஒரு பாதை ஓடியது. நின்று பார்த்தால் தெரியாது. படுத்துப் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. வயல் வரப்பில் ஆள் நடந்து நடந்து விழுகிற தடம் மாதிரி.

துரை நடந்த தடம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒரு நாள் நடந்ததற்கா தடம் விழும்? மற்ற நாய்கள் எல்லாம் நடுவில் சறுக்கின கூட்டம். அவள் தவழ்ந்தபடியே பாதையைப் பிடித்துக்கொண்டு போனாள். பின்கதவில் தொடங்கியது. சுவிட்ச் போர்டுக்கு அடியில் கொஞ்சம் அகலமாயிற்று, யாரோ அங்கே நின்று நின்று போகிற மாதிரி. மூலை திரும்பி ஜன்னலுக்குப் போயிற்று. அங்கிருந்து வாசல். நாய்க்கு சுவிட்ச் போர்டில் என்ன வேலை?

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். போன வருஷம் அடித்த வெளிர் நிறச் சாயம். அதில் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பாதை போகிற வழியெல்லாம், லேசாக அழுக்கு படிந்திருந்தது. உள்ளங்கை அளவு, உள்ளங்கை அளவாக. தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் கையைவிடப் பெரிய கை.

வெளியே கேட் சத்தம் கேட்டது. அவள் சாக்ஸைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பாலிஷ்காரர் வாசலில் செருப்பை விட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒரு காலை வைத்தார், நிதானித்தார். வலது கையைச் சுவரில் பதித்தார். இடுப்பு சுவரில் உரச உரச, ஓரமாகவே நடந்து, ஜன்னலை மூடினார். மூலையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். பேப்பர் அக்குளில் இருந்தது. அப்படியே துரை நடந்த நடை.

அவளுக்கு எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் எங்கே போனது என்று தெரியும், முன்பின் தெரியாத ஆளுடைய மாத்திரை தெரியும். ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடுகிற மனுஷன் எப்படி நடக்கிறார் என்று தெரியவில்லை. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள்.

மதியம் அவர் சாப்பிட வந்தபோது ஹால் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் விரிப்பு நீளமாகக் கிடந்தது. யோகா செய்யப் போகிறேன் என்று அவள் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கி, ஒரே ஒரு நாள் படுத்துப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டது.

“இது என்ன?”

“விரிப்பு.”

“கண்ணு தெரியுது எனக்கு. சத்தியம் பண்ணினியே, அது என்ன ஆச்சு?”

“போச்சு.”

அவர் முகம் சுருங்கியது. “ஒரு நாய்க்காக என் தரையை மூடுவியா?”

“நாய்தான் காலையிலயே போயாச்சே. இது உங்களுக்கு.”

“எனக்கு எதுக்கு?”

“ஏன் சுவத்தைப் பிடிச்சுட்டு நடக்கறீங்க?”

“நடுவுல நடந்தா மெருகு தேஞ்சுடும். அதான் ஓரமா போறேன்.”

“ஓரத்துல தேஞ்சா பரவாயில்லையா?” அவள் தரையில் படுத்து அந்த மங்கல் பாதையைப் போனில் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினாள். அவரால் குனிந்து பார்க்க முடியாது அல்லவா. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. தரையில் விழுந்த தடத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சுவத்துல இருக்கறது உங்க கை. நான் வச்சுப் பாத்துட்டேன்,” என்றாள். பிறகு, சொல்ல நினைத்திருந்த எதையும் சொல்லாமல், “எனக்கு பயமா இருக்குங்க. நீங்க விழுந்துட்டா இந்தப் பளபளப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?” என்றாள்.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு எழுந்து, விரிப்பைக் காலாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனார். தோற்றுவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சாக்கு போர்த்தி வைத்திருந்த பாலிஷ் மெஷினை வெளியே இழுத்து வைத்து, தகர டப்பாவில் கல் தேடிக்கொண்டிருந்தார்.

“மூடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். மூடின தரை இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.” டப்பாவிலிருந்து சொரசொரப்பான கல்லாகப் பார்த்து எடுத்தார். “மெருகு போடறப்ப மொதல்ல முரட்டுக் கல்லு, அப்புறம் நைஸ் கல்லு, கடைசியில பவுடர். இப்ப வந்த வழியே திரும்பிப் போகணும். இந்தக் கல்லைப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினா மெருகு போயிடும். கழுவலாம், தொடைக்கலாம், ஆனா கால் நிக்கும்.” நிறுத்திவிட்டு, “நாய்க்காகத்தான்,” என்றார்.

“ஆமா. நாய்க்காகத்தான்,” என்றாள் அவள்.

“இந்த மெஷினைப் பத்தி நூறு கேள்வி கேட்டிருப்பே. இப்ப நீயே பிடி. எனக்கு முட்டி தாங்காது.”

மெஷின் அவளைப் பிடித்தது என்பதுதான் சரி. இழுத்த இழுப்புக்குப் போனாள். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தரையில் பால் மாதிரி வெள்ளைக் குழம்பு கிளம்பியது. பாலிஷ்காரர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. காதாலேயே வேலை வாங்கினார். “சத்தம் மாறுது, தண்ணி ஊத்து.” “ஒரே இடத்துல நிக்காதே, குழி விழும்.” மெஷின் ஜன்னலுக்கு நேரே, ஹால் நடுவுக்கு வந்தபோது அவளுக்குக் கை தயங்கியது. “நிறுத்தாதே, போ,” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. ஒரு மனிதர் தன் கையாலேயே தன் பெயரை அழிப்பதற்குச் சமம் அது. அவர் எப்படித் தாங்கிக்கொண்டார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கழுவிக் காய்ந்த பிறகு பார்த்தால் தரை தரையாக இருந்தது. கறுப்பும் வெள்ளையும் அப்படியே இருந்தன. கீழே இருந்த இன்னொரு ஜன்னல் மட்டும் இல்லை. அவர் வந்து நின்று பார்த்தார். “பரவாயில்ல, நல்லாத்தான் ஓட்டியிருக்கே,” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே போனார்.

தரை மாறிவிட்டது, கால் நம்பவில்லை. அவளும் முயன்று பார்த்தாள். ஹால் நடுவில் நாற்காலி போட்டுக் காபியை அங்கே கொண்டுபோய் வைத்தாள். அவர் காபியைச் சமையலறையில் தரச் சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை. டீச்சருக்குப் போன் செய்து, தரையைச் சரிசெய்துவிட்டோம், துரையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னாள்.

அவர்கள் வந்த அன்று நல்ல வெயில். டீச்சர் வெளியே டாக்சிக்காரரிடம் பைகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். துரை அவருக்குக் காத்திராமல் வாசலுக்கு வந்துவிட்டார். அவள் நிலையோரம் ஒதுங்கி நின்றாள். கூப்பிடக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள். பாலிஷ்காரர் பின்கதவருகே, கையைச் சுவரில் வைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை ஒரு முன்னங்காலை உள்ளே வைத்தார். அழுத்திப் பார்த்தார். அடுத்த காலை வைத்தார். பிறகு நகம் டக்டக்கென்று ஒலிக்க, நேராக, யாரையும் சட்டை பண்ணாமல் ஹால் நடுவுக்கு நடந்துபோய், வெயில் விழுந்த இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டார்.

பாலிஷ்காரர் ரொம்ப நேரம் துரையைப் பார்த்தார். பிறகு கையைச் சுவரிலிருந்து எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு எட்டு வைத்தார். இன்னொரு எட்டு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் தாங்கிக்கொள்ள எதிரிலிருந்து நடந்து வந்தாள். அவர் துரை படுத்திருந்த இடத்துக்கு வந்து, அதற்குக் கொஞ்சம் தள்ளித் தரையைப் பார்த்து நின்றார்.

“இங்கதான்,” என்றார்.

“இங்க என்ன?”

“விழுந்தது.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. “எப்போ?”

“பேத்தி பொறந்தப்ப நீ மக வீட்டுக்குப் போயிருந்தியே, அப்போ.”

“எவ்வளவு நேரம் கிடந்தீங்க?”

“ஜன்னல்கிட்ட இருந்த வெயில் சோபா வரைக்கும் வந்துது. அப்புறம் ஊந்து ஊந்து சுவத்துக்குப் போயி, அதைப் பிடிச்சு எழுந்துட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ விரிப்பு வாங்கியிருப்பே.”

“வலிச்சுதா?”

“வலிச்சுது. ஆனா கன்னம் தரையில இருந்துது இல்ல, அப்படியே பாத்தேன். ஜன்னல் கம்பி ஒண்ணொண்ணா தெரிஞ்சுது. ஒரு கீறல் இல்ல. என்னா தரை போட்டிருக்கான்யான்னு நெனச்சுட்டே கிடந்தேன்.”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார அவருக்கு முட்டி மடங்காது. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அந்த வீட்டுப் பழக்கம், அழுதுகொண்டே அவள் உள்ளங்கையால் அதைத் துடைக்கப் போனாள்.

“விடு, ஈரமானா ஆகட்டும்,” என்றார் அவர். “இப்ப ஒண்ணும் வழுக்காது.”